கப்பற்கொடிகளும் எழுத்துப்பிழைகளும்

போர்க்கப்பலின் சிற்றுருவம் ஒன்றைப் பல மாதங்கள் உழைத்துச் செய்து முடித்தபின், இறுதி வேலையாக அதன் கயிறுகளில் வண்ண வண்ணச் சிறுகொடிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம்மூர் மாதிரிக்கப்பல் ஆர்வலர்களிடையே பரவலாக இருந்து வருகிறது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. மேனியெங்கும் சாம்பல் நிறம் பூசிய ஓர் உருவத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கலந்த வரிசை உயிரூட்டுவதுபோல் தோன்றும். ஆயினும் அது தோரணமன்று. ஒவ்வொரு கொடியும் ஓர் எழுத்து. எழுத்தறியாதவன் எழுத்துகளை அள்ளிச் சுவரில் ஒட்டினால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேர்கிறது. இதனை ஒரு சிறு பிழையென விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

இன்று உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவான சமிக்ஞைக் கொடிகள் நாற்பது. ஆங்கில அகரவரிசைக்கு 26, எண்களுக்கு 10, ஒரே எழுத்து மீண்டும் வருமிடத்தில் பதிலியாக நிற்பதற்கு 3, "கண்டேன், அறிந்தேன்" என விடையிறுப்பதற்கு 1. தனித்து ஏற்றினாலும் இவற்றுட் பல பொருள் தரும். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நின்று நங்கூரமிட்ட கப்பல்களைத் தொலைநோக்கியால் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. முழுமஞ்சள் கொடி, "என் கப்பலில் நோயில்லை, கரையோடு கலக்க இசைவு வேண்டும்" என்கிறது. பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான கொடி, வழிகாட்டி மாலுமி கப்பலில் இருக்கிறார் என்கிறது. முழுச்சிவப்பு, வெடிக்கவோ எரியவோ கூடிய சரக்கு இருப்பதைச் சொல்கிறது. சிவப்பும் வெள்ளையுமாய் நான்கு கட்டம் கொண்டது, "நீ ஆபத்தை நோக்கிச் செல்கிறாய்" என எதிரே வருபவனை எச்சரிக்கிறது. நான் பார்த்த ஒரு மாதிரிக் கப்பலில் இந்த நான்கும் ஒரே கயிற்றில் வரிசையாகப் பறந்தன. நோயில்லாத, வழிகாட்டியைக் கொண்ட, வெடிமருந்து நிறைந்த அக்கப்பல் யாரை எச்சரித்துக்கொண்டிருந்தது என்பது செய்தவருக்கே வெளிச்சம்.

இக்குறியீட்டு முறையின் முதல் வடிவத்தை 1857ஆம் ஆண்டு பிரிட்டனின் வாணிப வாரியம் வெளியிட்டது. அப்போது கொடிகள் 18 மட்டுமே. உயிரெழுத்துகள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மெய்யே. உயிரின்றி மெய் இயங்காது என்று வகுப்பில் ஓயாமல் சொல்லிவரும் தமிழாசிரியனுக்கு இச்செய்தி சற்று வேடிக்கையாக இருக்கிறது.

கொடியைச் சொல்லாகப் பயன்படுத்துவது நமக்கு அயலான கருத்தும் அன்று. பட்டினப்பாலை படித்தோர் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை மறந்திருக்கமாட்டார்கள். கோயிலுக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கொடி, கள் விற்குமிடத்துக்கு ஒரு கொடி, துறையில் அசைந்து நிற்கும் கப்பல்களின் பாய்மரத்து உச்சியில் ஒரு கொடி என்று புலவர் அடுக்கிச் செல்கிறார். அந்நகரத்துக் கொடிகள் அழகுக்காக மட்டும் ஏற்றப்பட்டவையல்ல. இங்கு என்ன கிடைக்கும், யார் இருக்கிறார் என்று எழுத்தறியாதவருக்கும் அறிவித்தவை. நம் சிங்கப்பூரிலோ, இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் குன்றின்மேல் கொடிக்கம்பம் நாட்டி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றிக் கீழே வாழ்ந்த ஊருக்கு அறிவித்த காலம் ஒன்று இருந்தது. ஆற்றில் சரக்குப் படகு தள்ளிய சூலியாக்களும், கிட்டங்கிகளில் கணக்கெழுதிய செட்டியார்களும் அக்குன்றை அண்ணாந்து பார்த்தே தம் நாளைத் திட்டமிட்டிருப்பார்கள். அக்கொடிக்கம்பத்தின் மறுவடிவம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. திருமணப் புகைப்படம் எடுப்போர் அதனடியில் நின்று எடுத்துக்கொள்கின்றனர்.

நான் இதில் இவ்வளவு கடுமை காட்டுவதற்குக் காரணம் கப்பல் மட்டுமன்று. சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும், கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்க, புள்ளி பறந்துபோய் அடுத்த சொல்லின் தலையில் அமர, அச்சாகி வந்த தமிழ் அறிவிப்புப் பலகை ஒன்றையேனும் பார்த்திருப்பர். அதை வைத்தவர்களுக்குத் தமிழ் ஓர் ஓவியம். நான்கு மொழிகள் இருக்கவேண்டும், இருக்கின்றன, அவ்வளவே. படிக்கத் தெரிந்த நம் கண்ணுக்கு மட்டும் அது முள்ளாய்க் குத்துகிறது. "யார் கவனிக்கப்போகிறார்கள்?" என்னும் அந்த மனநிலையை நாம் எவ்வளவு கண்டித்திருக்கிறோம்! சிராங்கூன் சாலையில் அத்தகைய பலகை ஒன்றைக் கண்டு கொதித்தெழும் அதே நண்பர், வீட்டுக்கு வந்து தம் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் போர்க்கப்பலில் பொருளற்ற கொடிவரிசையைக் கட்டி வைப்பதை நான் எப்படி ஏற்பது? படிக்கத் தெரிந்தவர்கள் இதற்கும் இருக்கிறார்கள்.

நுண்விவரம் என்பது வெறும் அலங்காரமன்று என்பதற்கு எம்டனைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் சொல்லாகவே நிலைத்துவிட்ட போர்க்கப்பல் வேறு உண்டா? "அவன் பெரிய எம்டன்" என்று நம் தாத்தாக்கள் சொன்னார்கள். 2006இல் வந்த திரைப்படத்துக்கு முதலில் வைத்த பெயரே "எம்டன் மகன்". பின்னர் அது "எம் மகன்" ஆயிற்று. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து, பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்களைக் குண்டு வீசிக் கொளுத்திச் சென்ற அந்த ஜெர்மானியக் கப்பலின் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் உள்ளது. அதே கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் கப்பலான யார்மத்துக்கு நான்கு. எனவே எம்டனின் மாலுமிகள் துணியால் நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்தி, யார்மத் போலத் தோற்றம் காட்டி உள்ளே வந்தனர். துறைமுகத்தில் நின்றிருந்த ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் ஐயுறவில்லை. நெருங்கிவந்த பிறகு, சுடுவதற்கு முன்பாக, ஜெர்மானியக் கொடி ஏறியது. வேற்றுவேடத்தில் நெருங்கலாம், ஆனால் தன் கொடியை ஏற்றாமல் சுடலாகாது என்பது கடற்போரின் நெறி. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் அந்நெறியைக் காத்தார். ஷெம்சுக் மூழ்கியது. மாண்ட ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் பினாங்கில் இருக்கிறது.

அடுத்த பன்னிரண்டாம் நாள், நவம்பர் 9 அன்று, அதே தந்திரம் கொக்கோஸ் தீவில் பலிக்கவில்லை. அங்கிருந்த தந்தி நிலையத்தார் வந்த கப்பலை உற்றுப்பார்த்தனர். நான்காவது புகைபோக்கி பொய்யென்று கண்டுகொண்டனர். உடனே கம்பியில்லாத் தந்தியில் அபாயச் செய்தி சென்றது. அவ்வழியே படைக்கப்பல் வரிசைக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனை முடித்தது. ஒரு துணிக் குழாய் பினாங்கில் ஒரு கப்பலை மூழ்கடித்தது. அத்துணிக் குழாயை உற்றுநோக்கிய கண்கள் கொக்கோஸில் இன்னொரு கப்பலை வீழ்த்தின.

ஜெர்மனியின் ரெவல் நிறுவனம் 1/350 அளவில் எம்டனை வெளியிட்டிருக்கிறது. 118 மீட்டர்க் கப்பல் அவ்வளவில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் வரும். அதைச் செய்யும் நம்மவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: நீங்கள் செய்வது எந்த எம்டன்? பினாங்கு எம்டன் என்றால் நான்காவது புகைபோக்கி வேண்டும். அது துணியாலானது என்பது தெரியும்படி சற்றுத் தொய்ந்திருக்க வேண்டும். சிட்னியோடு பொருதிய எம்டன் என்றால் மூன்றே. துறைமுகத்தை நெருங்கும் கணமா, சுடும் கணமா என்பதைப் பொறுத்துக் கொடி இருக்கும் அல்லது இராது. அந்த ஜெர்மானியக் கடற்படைக் கொடியும் வெள்ளைத் துணியில் சிலுவை இட்டது. பிரிட்டிஷ் கடற்படைக் கொடியும் வெள்ளைத் துணியில் சிலுவை இட்டது. முன்னதில் கறுப்பு, நடுவே கழுகு, பின்னதில் சிவப்பு. மங்கிய ஒளியில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றக்கூடியவை. கொடியின்றி நான்கு புகைபோக்கிகளோடு நிற்கும் எம்டனே என் கண்ணுக்கு மிகச் சிறந்த சிற்றுருவம். வெறுமையாய் நிற்கும் அக்கம்பம் அங்கே பேசுகிறது.

எம்டனுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பையும் இவ்விடத்தில் குறித்துவிடுகிறேன். பிடிபட்ட அதன் ஆட்கள் சிலர் இங்குள்ள டாங்ளின் முகாமில் சிறை வைக்கப்பட்டிருந்தனர். 1915 பிப்ரவரி 15 அன்று இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது முகாம் திறக்கப்பட்டது. எம்டன் அதிகாரி லாட்டர்பாக் உள்ளிட்ட சிலர் தப்பியோடினர். கிளர்ந்த சிப்பாய்களில் 47 பேர் ஊட்ரம் சாலையில் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே பிப்ரவரி 15ஆம் நாளில்தான் 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இன்று அந்நாளை நம் பள்ளிகளில் முழுமைத் தற்காப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

அவ்வீழ்ச்சிக்கு முன்னறிவிப்பாய் அமைந்த இரு கப்பல்களே நம்மூர் ஆர்வலர்கள் பெரிதும் விரும்பிச் செய்பவை: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ். 1941 டிசம்பர் 2ஆம் நாள் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வந்தன. தளத்தில் பணிபுரிந்த தமிழரும் மலையாளிகளும் அவற்றைக் கண்டிருப்பர். டிசம்பர் 8 மாலை புறப்பட்டன. டிசம்பர் 10 நண்பகலையொட்டிக் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். ரிப்பல்ஸில் 513, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் 327. தமியா நிறுவனத்தார் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸை 1/350, 1/700 ஆகிய இரு அளவுகளிலும் வெளியிட்டுள்ளனர். வீவக வீடுகளின் கூடத்தில் வைக்கத் தக்கது 1/700தான். 227 மீட்டர்க் கப்பல் 33 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஒரு வணிக வளாகத்தில் நடந்த காட்சியில் இக்கப்பலின் மிக நேர்த்தியான சிற்றுருவம் ஒன்றைக் கண்டேன். கீழே நீல அலைகள், முன்முனையில் பீறிட்டெழும் வெண்ணுரை, "கடைசிப் பயணம், டிசம்பர் 1941" என்ற பெயரட்டை. மேலே முன்முனையிலிருந்து பின்முனைவரை திருவிழாத் தோரணம்! அரசரின் பிறந்தநாளுக்குத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் அப்படி அலங்கரித்துக்கொள்ளும். போருக்குச் செல்லும் கப்பல், எண்ணூற்று நாற்பது பேரின் சாவை நோக்கிச் செல்லும் அணியின் தலைமைக் கப்பல், அப்படிச் செல்லுமா? கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திய அந்தக் கைகளின் உழைப்பை எண்ணி வியந்தேன். கொடிகளைக் கண்டு வருந்தினேன். இழவு வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியது போலிருந்தது.

சரியானது எது? இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் வழக்கப்படி முன்முனையில் பறக்கும் சிறுகொடி, கப்பல் நங்கூரமிட்டோ கரையில் கட்டப்பட்டோ நிற்கும்போது மட்டுமே பறக்கும். ஓடும் கப்பலில் அது இறக்கப்பட்டுவிடும். ஆகவே முன்முனையில் நுரையும் வேண்டும், கொடியும் வேண்டும் என்றால் நடவாது. கடற்படைக் கொடி துறைமுகத்தில் பின்முனைக் கம்பத்தில் இருக்கும்; கடலில் பின்பாய்மரத்துக்கு மாறும். அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ் இருந்தது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில். எனவே அதன் பாய்மரத்தில் அட்மிரலின் கொடி பறக்கும்: வெள்ளையில் சிவப்புச் சிலுவை, வேறொன்றுமில்லை. அக்கொடியில் ஒரு வட்டம் இருந்தால் வைஸ் அட்மிரல், இரண்டு இருந்தால் ரியர் அட்மிரல். வட்டத்தோடு அச்சிட்டு ஒட்டினால் ஃபிலிப்ஸைப் பதவியிறக்கிவிட்டீர்கள். ரிப்பல்ஸில் தளபதிக்கொடி இல்லை. பணியிலிருக்கும் எந்தப் போர்க்கப்பலுக்கும் உரிய, நாடாப்போல் நீண்ட மெல்லிய கொடி மட்டுமே. இவ்விரு கப்பல்களையும் அருகருகே வைத்து, எது தலைவனின் கப்பல் என்று ஒரு மாணவனைக் கேட்டால், அவன் பீரங்கிகளை எண்ணத் தேவையில்லை; பாய்மரத்து உச்சியை நோக்கினாலே போதும்.

சமிக்ஞைக் கொடிகளைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. 1941இல் பிரிட்டிஷ் கடற்படை தனக்கெனத் தனிக் கொடிகளும் தனிக் குறியீட்டு நூலும் வைத்திருந்தது. பன்னாட்டு அகரவரிசைக் கொடிகளைக் கடற்படைகள் தமதாக ஏற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. ஆகவே இன்று கிடைக்கும் கொடித்தாளை வெட்டி 1941ஆம் ஆண்டுக் கப்பலில் ஒட்டுவது, சங்ககாலக் கல்வெட்டைக் கணினித் தமிழ் எழுத்துருவில் பொறிப்பதற்கு ஒப்பாகும். தெரியாத இடத்தில் கயிற்றை வெறுமையாக விட்டுவிடுங்கள். கொடியேறாத கயிறு எக்கப்பலிலும் இயல்பே.

இதற்கு மாறாகத் தெளிவாகத் தெரிந்த கொடிகளும் இருக்கின்றன. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கரில் நெல்சன் தன் விக்டரி கப்பலிலிருந்து விடுத்த செய்தி புகழ்பெற்றது. இங்கிலாந்து ஒவ்வொருவர் மீதும் நம்பிக்கை வைத்திருக்கிறது என்றே அவர் சொல்ல விரும்பினார். சமிக்ஞை அதிகாரி பாஸ்கோ, அச்சொல் குறியீட்டு நூலில் இல்லை, எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டும், "எதிர்பார்க்கிறது" என்ற சொல் இருக்கிறது, அதை இடலாமா என்று கேட்டார். நெல்சன் இசைந்தார். வரலாற்றில் நின்ற அவ்வாக்கியத்தின் வினைச்சொல் கொடிகளின் பற்றாக்குறையால் வந்தது! "கடமை" என்பதற்கோ நூலில் சொல்லே இல்லை. நான்கெழுத்தையும் தனித்தனியே ஏற்றினர். 1905 மே 27 அன்று சுஷிமாவில் ஜப்பானிய அட்மிரல் டோகோ தம் மிக்காசா கப்பலில் ஏற்றியதோ ஒரே கொடி, மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு முக்கோணங்கள் கொண்ட இசட் கொடி. விக்டரியையும் மிக்காசாவையும் செய்வோர் இவற்றைத் தாராளமாக ஏற்றலாம், ஏற்றாவிட்டால்தான் குறை.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். நண்பர் ஒருவர், தேசிய சேவையைக் கடற்படையில் முடித்தவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. இதிலும் சிவப்பு மையால் திருத்த வேண்டுமா? பிள்ளைகள் பயந்து ஓடிவிடுவார்கள்." நியாயமான கேள்வியே. அளவுகளைச் சற்று எண்ணிப் பார்த்தால் அதன் நியாயம் இன்னும் தெளிவாகும். 1/700 அளவில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடி வேலி 1.4 மில்லிமீட்டர். இரண்டு மீட்டர் நீளச் சமிக்ஞைக் கொடி மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. மனிதத் தலைமுடி ஒன்றைக் கயிறாகக் கட்டினால், அது உண்மைக் கப்பலில் இரண்டு அங்குலக் கனமுள்ள வடத்துக்குச் சமம். தேக்காவில் பூக்கட்டும் நூலைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பிசிறுகள் கப்பல்மேல் சிலந்திவலை படர்ந்ததுபோல் ஆக்கிவிடும். பெட்டியில் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடரில் காட்டி மெல்ல இழுத்து நூலாக்குவதே எளிய வழி. இவ்வளவு பாடுபடும் பிள்ளையிடம் குற்றம் கண்டுபிடிப்பது கொடுமையல்லவா?

என் விடை இதுதான். விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. வேலியை விட்டுவிட்ட கப்பல் எளிமையான கப்பல். எவரும் குறைசொல்ல வேண்டியதில்லை. கயிறே இல்லாத கப்பலும் அப்படித்தான். கடினமானதை விடலாம். ஆனால் வலிந்து சேர்த்த ஒன்று பொய்யாக இருக்கலாகாது. கட்டுரையில் பத்து வரி குறைந்தால் நான் மதிப்பெண் மிகக் குறைப்பதில்லை. இல்லாத குறளை இயற்றி வள்ளுவர் சொன்னார் என்று எழுதினால் குறைக்கிறேன். இந்த வேறுபாடு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்குகிறது. விளங்காதவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். காற்றின் திசையையும் பிள்ளைகளே விரைவில் கண்டுபிடிக்கின்றனர். புகை பின்னோக்கிப் போக, கொடி முன்னோக்கிப் பறக்கும் கப்பலைக் காட்டினால் முதல் வரிசையிலேயே சிரிப்பு எழும்.

இதுவரை சொன்னவை மனத்தாங்கல் விளைவிக்காதவை. இனிச் சொல்லப்போவது அப்படியன்று.

சில ஆண்டுகளுக்கு முன் முழுமைத் தற்காப்பு நாளையொட்டிய ஒரு சிறு காட்சிக்கு, மாணவன் ஒருவன் ஜப்பானியக் கப்பலான சோக்காயின் சிற்றுருவைச் செய்து கொண்டுவந்தான். மலாயாப் படையெடுப்பின்போது அட்மிரல் ஒசாவாவின் தலைமைக் கப்பல் அது. பின்புறத்தில் உதயசூரியக் கொடி, பதினாறு கதிர்களோடு. கதிரவனின் வட்டம் நடுவில் இல்லாமல் கம்பத்தின் பக்கமாகச் சற்றுத் தள்ளியிருந்தது. அதுவே கடற்படைக் கொடி; நடுவில் இருந்தால் தரைப்படைக் கொடி. இந்நுண்மையை அவன் தானாகவே அறிந்திருந்தான். காட்சிப் பொறுப்பாளர்கள் அக்கொடியை அகற்றச் சொன்னார்கள். முதியவர்கள் வருவார்கள், மனம் புண்படும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கொடி அகற்றப்பட்டது. கப்பல் மேசைமேல் நின்றது, எந்நாட்டினது என்றே தெரியாத ஒரு சாம்பல்நிறப் பொருளாக.

அக்காரணத்தை நான் இகழவில்லை. சூக் சிங் படுகொலையில் தந்தையை இழந்த சீனப் பாட்டியர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் தமிழரின் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள். அக்கொடியைக் கண்டால் அவர்கள் நெஞ்சு துணுக்குறும். ஆயினும் அகற்றியது தவறு என்றே நான் கருதுகிறேன். கொடியை எடுத்தபின் அக்கப்பலில் எஞ்சியது என்ன? அழகான வளைவுகள், நேர்த்தியான பீரங்கிகள், பொறியியல் திறமை. குற்றத்தை மட்டும் கழற்றிவிட்டோம். எந்த அரசின் பெயரால் அக்கப்பல் இக்கடலுக்கு வந்தது என்பதைச் சொன்னது அந்த ஐந்து மில்லிமீட்டர்க் காகிதம் ஒன்றே. முதியவர் மனம் புண்படாதிருக்க வேண்டுமானால் அச்சிற்றுருவையே வைக்காதிருந்திருக்கலாம். அதிலாவது ஓர் ஒழுங்கு இருக்கும். வைப்பதென்றால் கொடியோடு வைத்து, அருகே, இக்கொடியின் கீழ் இங்கு என்ன நடந்தது என்று நான்கு மொழிகளிலும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டம் தடுக்கிறது. அதனால் அங்கு விற்கும் கப்பல் பெட்டிகளில் அச்சின்னம் விடுபட்டிருக்கும். அது அம்மக்கள் தம் குற்றத்தைத் தாமே நினைந்து இயற்றிக்கொண்ட சட்டம். அதன் நியாயம் வேறு. நம் நிலை அதுவன்று. மேலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதே கதிரவக் கொடியை ஜப்பானியக் கடல் தற்காப்புப் படை 1954 முதல் ஏற்றிவருகிறது. 2017 மே மாதம் சிங்கப்பூர்க் கடற்படையின் பொன்விழாவையொட்டி நடந்த பன்னாட்டுக் கடற்படை அணிவகுப்புக்கு ஜப்பானின் இசுமோ இங்கு வந்தது. சாங்கிக் கடலில் அக்கொடி மெய்யாகவே பறக்கலாம்; அரசுமுறை வரவேற்பும் பெறலாம். படுகொலை நிகழ்ந்த சாங்கிக் கடற்கரைக்கு அருகிலேயே அது பறக்க, ஒரு சிறுவனின் மேசையில் மட்டும் பறக்கலாகாதா? தென்கொரியா 2018இல் தன் அணிவகுப்பில் அக்கொடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. ஜப்பான் கப்பலையே அனுப்பவில்லை. அது நேருக்கு நேரான நிலைப்பாடு. நாம் செய்தது இரண்டுங்கெட்டான்.

இத்தகைய சிற்றுருக்கள் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோர்க்கு இன்னொரு செய்தி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் கடலடியில் அமைதியாக உறங்கவில்லை. பழைய இரும்புக்காகக் களவாடுவோர் பல ஆண்டுகளாக அவற்றைப் பிய்த்தெடுத்து வருகின்றனர். 2023 மே மாதத்தில் மலேசிய அதிகாரிகள் சீனக் கப்பல் ஒன்றைத் தடுத்து வைத்தபோது அதிலிருந்து பழைய பீரங்கிக் குண்டுகள் கைப்பற்றப்பட்டன. ஜாவாக் கடலில் நிலைமை இன்னும் மோசம். 1942இல் மூழ்கிய டச்சுக் கப்பல்களான டி ரெய்டரும் ஜாவாவும் இருந்த இடத்தில் இல்லை என்பது 2016இல் தெரியவந்தது. கடலின் அடிமண்ணில் அவை அழுந்திக் கிடந்த தடம் மட்டுமே எஞ்சியிருந்தது. இறந்த மாலுமிகளின் கல்லறையே களவு போகிறது. உருவத்தைக் காட்டுவதற்கு எஞ்சப்போவன புகைப்படங்களும், வரைபடங்களும், இத்தகைய சிற்றுருக்களுமே. அவற்றிலும் பிழை மலிந்தால், வருங்காலப் பிள்ளை எதைப் பார்த்துக் கற்கும்?

பிரிட்டிஷ் கடற்படையின் மூழ்காளர்கள் குவாந்தானுக்கு அப்பால் இறங்கி, கப்பலின் சுழலித் தண்டோடு பிணைத்த கயிற்றில் தம் வெள்ளைக் கொடியைக் கட்டி, அது நைந்துபோகும்போது புதிது மாற்றி வந்திருக்கின்றனர். சோக்காயைச் செய்த அந்த மாணவன் இப்போது தொடக்கக் கல்லூரியில் படிக்கிறான். ரிப்பல்ஸைச் செய்யத் தொடங்கியிருக்கிறான். கடலடியில் கவிழ்ந்து கிடப்பதுபோலச் செய்யலாமா என்று சென்ற வாரம் வந்து கேட்டான். அப்படியானால் அந்தக் கொடி வேண்டும் என்றேன். காற்றில் பறப்பதுபோல் மடிக்காமல் நீரோட்டத்தில் அசைவதுபோல் எப்படி மடிப்பது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை. மெல்லிய ஈயத்தாளில் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.